எந்தச் சாமிகூட வந்தே?

ஜெயசித்ரா அக்கா நெல்லித்தோப்பில் மீன் விற்கிறாள். ஸ்கூட்டியின் பின்சீட்டில் ஐஸ் பெட்டி, காலடியில் அரிவாள்மணை, கைப்பிடியில் தராசுப் பை. ஒவ்வொரு சந்து முனையிலும் வண்டியை நிறுத்தி ஹாரனை அழுத்துவாள். கூவுவதில்லை. "எங்கம்மா கூவிக் கூவியே தொண்டைய புண்ணாக்கிக்கிச்சு. எனக்குத்தான் ஹாரன் இருக்குதே, நான் ஏன் கத்தணும்?" என்பாள். அவள் அம்மா செல்வாம்பாள் கூடையைத் தலையில் சுமந்து நடந்தே விற்றவர். அக்கா பிறந்த வீடு வைத்திக்குப்பத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, படிப்பு அதோடு நின்றது. கணவர் ஆனந்தராஜ் தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். இரண்டு பெண் பிள்ளைகள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவளைப் பற்றித் தெரிவது இவ்வளவுதான்.

நான் அவளைப் பற்றி எழுத நினைத்ததற்குக் காரணம் ஒரு எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேலை தேடிக்கொண்டே, ஒரு தொண்டு நிறுவனத்துக்காக அரசுப் பள்ளிகளில் 'வாழ்க்கைத் திறன்' வகுப்பு எடுக்கிறேன். அன்றைய பாடம், வாழ்க்கையின் நோக்கம். "உங்க நோக்கம் என்னன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றேன். டாக்டர், கலெக்டர், போலீஸ், மறுபடியும் டாக்டர் என்று வரிசையாக வந்தது. கடைசி வரிசைப் பெண் எழுந்து, "மிஸ், நோக்கம் இல்லன்னா ஆப்சென்ட் போடுவீங்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வீடு திரும்பும் பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. அந்த வயதில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் டாக்டர் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த வயதில் என்னை ஒருத்தி கேட்ட கேள்வி வேறு. "ஏ சுடரு, உம்புள்ள எங்கடி?"

மாசி மகத்தன்று சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் எங்கள் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து கடலில் தீர்த்தவாரி கொள்ளும். மயிலத்து முருகன், தீவனூர்ப் பிள்ளையார், திண்டிவனத்துப் பெருமாள் என்று பெரிய சாமிகளும் வரும். பேர் தெரியாத சின்ன ஊர்களின் அம்மன்களும் டிராக்டரில் வரும். ஒவ்வொரு சாமியோடும் அந்த ஊரே வரும். மணல் தெரியாத கூட்டம். கற்பூரமும் கரும்புச்சாறும் ஈரவேட்டியும் கலந்த அந்த வாசனை, இப்போதும் மாசி மாத வெயிலில் கண்ணை மூடினால் எனக்கு வந்துவிடுகிறது. அவ்வளவு கூட்டத்தில் பிள்ளைகள் தொலையாமல் இருக்குமா? காலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தொலைந்துகொண்டே இருக்கும்.

தொலைந்த பிள்ளைகளை ஊர்ப் பஞ்சாயத்தின் மைக் பந்தலுக்குக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைப்பார்கள். பெரியவர்கள் நான்கு பேர் குனிந்து, "உம்பேரு என்னா? அப்பா பேரு என்னா? எந்த ஊரு?" என்று கேட்பார்கள். குழந்தை இன்னும் வீறிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் பெயர் அப்பா. ஊரின் பெயர் ஊரு.

கல்யாணமான புதிதில் திருவிழாவுக்குத் தாய்வீடு வந்திருந்த ஜெயசித்ரா அக்கா, பந்தலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அன்புசெல்வி, அம்மாவின் அடிக்குத் தப்பி ஓடிவந்து பெஞ்சின் அடியில் ஒளிந்தாள். தெருவில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அடிபடுகிற பெயர் அவளுடையது. மேலே ஒரு பொடியன் அழுதுகொண்டிருந்தான். அன்புசெல்வி அவன் காலைச் சுரண்டி, "டேய், எந்தச் சாமிகூட வந்தே?" என்று கேட்டாள்.

அழுகை நின்றது. "புள்ளையாரு."

"எலி பெருசா இருந்துச்சா?"

"ஆமா. இம்மாம் பெருசு."

"அப்ப தீவனூர் புள்ளையாருடா. எக்கா, மைக்குல சொல்லு."

மைக்கில் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பையனின் அப்பா மூச்சிரைக்க வந்து நின்றார். காலையிலிருந்து எந்தச் சாமியின் பின்னால் நடந்தோம் என்று மட்டும் எந்தக் குழந்தைக்கும் மறப்பதில்லை. இதைக் கண்டுபிடித்தது பெஞ்சுக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு பெண். அன்று மாலை வரை அவள் பந்தலை விட்டு நகரவில்லையாம். அடிக்க வந்த அம்மாகூட, மகள் இடுப்பில் யாருடைய பிள்ளையோ இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம்.

அடுத்த வருடம் அக்கா பஞ்சாயத்தாரிடம் போய், தொலைந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று கேட்டாள். மைக் பிடிக்கும் இராமதாஸ் மாமா சிரித்தார். "ஏ சித்ரா, காணாம போறதே இந்த வயசு புள்ளைங்கதான். அதுங்களையே காவலுக்கு வெக்கிறியா?"

"காணாம போனதுக்குத்தான் மாமா தெரியும், காணாம போனா எப்படி இருக்கும்னு."

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. சரி, பாப்போம். எதுனா ஆச்சுன்னா நீதான் ஜவாப்பு."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. அக்கா நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத் தேடிப் போகவில்லை. ஸ்கூல் விட்டதும் படகு நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத்தான் பிடித்தாள். தை மாதம் முடியும் முன்பே நெல்லித்தோப்பிலிருந்து சாயங்காலங்களில் வந்துவிடுவாள். நாங்கள் மாறி மாறித் தொலைந்த பிள்ளையாக நடிப்போம். ஒருத்தர் அழ, இன்னொருத்தர் பேச வேண்டும். அக்காவின் சட்டங்கள் கொஞ்சம்தான். நின்றுகொண்டு பேசக் கூடாது, உட்கார வேண்டும். அழுகை ஓயும் வரை பெயர் கேட்கக் கூடாது. 'இதோ அம்மா வந்துடுவாங்க' என்று சொல்லக் கூடாது; வருவார்களா என்று நமக்குத் தெரியாது. 'நான் இருக்கேன்' என்று சொல்லலாம், அது பொய்யில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். பெற்றவர்கள் பந்தலுக்கே வந்து, சாமி பெயரும் பிள்ளை பெயரும் சொல்லி வாங்கிக்கொள்கிற வரை கையை விடக் கூடாது. பந்தலை விட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது.

"ஒண்ணுக்கு வந்தா?" என்று யாராவது கேட்போம்.

"எங்கிட்ட குடுத்துட்டு போ. வந்ததும் திரும்ப வாங்கிக்கோ. உம்புள்ளடி அது."

உன் பிள்ளை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அந்தச் சொல் என்ன செய்தது என்று இப்போது யோசிக்கிறேன். வீட்டில் நாங்கள்தான் பிள்ளைகள். எங்களுக்குச் சோறு போட்டார்கள், பீஸ் கட்டினார்கள், படி படி என்றார்கள். எங்களிடம் யாரும் எதையும் நம்பிக் கொடுத்ததில்லை.

சமீபத்தில் அக்காவிடம் இதைக் கேட்டேன். வஞ்சிரம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்க காலத்துல எங்கள பாத்தா இடுப்புல ஒரு தம்பியோ தங்கச்சியோ இருக்கும். இப்ப வீட்டுக்கு ஒண்ணு, ரெண்டு. தூக்கறதுக்கு ஒண்ணுமில்ல, கை சும்மா கெடக்குது. சும்மா கெடக்கற கைதான் போனு நோண்டுது, இல்ல எதையாச்சும் ஒடைக்குது."

"தம்பிய தூக்கித் தூக்கித்தான் கணக்கு வரலன்னு நீதானக்கா சொல்லுவ?"

"வருஷம் பூரா தூக்கினா படிப்பு போவும். ஒரு நாள் தூக்கினா என்னா போவும்?" என்றாள். பிறகு நறுக்குவதை நிறுத்திவிட்டு, "எங்கம்மா அந்த ஒரு நாளோட நிறுத்தல" என்றாள். மறுபடியும் வஞ்சிரத்தை நறுக்க ஆரம்பித்தாள்.

எனக்கு அக்காமேல் இருப்பது பாசமா, அல்லது நான் படித்த பாடங்களுக்குச் சரியாக வரும் ஓர் உதாரணம் கிடைத்த சந்தோஷமா என்று சில நேரம் சந்தேகம் வருகிறது. அதனால்தான் எல்லாம் நன்றாக நடந்த வருடங்களை விட்டுவிட்டு, நடக்காத ஒரு வருடத்தைச் சொல்கிறேன். இப்போது அந்தப் பந்தலில் பிள்ளைகள் இல்லை. குழந்தைகளின் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். அது நல்லதுதான். நான் சொல்வது பட்டை வருவதற்கு முந்தைய காலம்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. என் வகுப்பில் விமல்ராஜ் என்று ஒருவன். அவன் அப்பா கேரளாவில் மீன்பிடி போட்டுக்குப் போனவர். பணம் வரும், அவர் வரமாட்டார். விமல் பாதி நாள் பள்ளிக்கு வரமாட்டான். வந்தாலும் வாத்தியார்கள் அவனைக் 'கெஸ்ட்' என்று கூப்பிடுவார்கள். மாசி மகம் முடிந்ததும் தட்டாஞ்சாவடியில் பேக்கிங் கம்பெனிக்குப் போகப் போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அம்மா அக்காவிடம் வந்து அழுதார். அக்கா அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. "கம்பெனிக்கு போறதுக்கு முன்ன ஒரு நாள் எனக்கு ஒத்தாசைக்கு வாடா" என்று மட்டும் கூப்பிட்டாள்.

அவன் வந்ததும் சாயங்காலங்கள் கலகலப்பாகிவிட்டன. தொலைந்த பிள்ளையாக அவன் அழுதால் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். "எங்கம்மா சேப்பு பொடவ, எங்கப்பா குடிச்சிருப்பாரு" என்று மணலில் புரளுவான். அதைவிடப் பெரிய விஷயம், சாமிகளை எங்கள் எல்லோரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும். எந்த ஊர்ச் சாமிக்கு எந்த மேளம், எந்த வண்டிக்கு என்ன நிறத் துணி என்று தூரத்திலிருந்தே சொல்வான். வருடா வருடம் பள்ளிக்கு மட்டம் போட்டுக் கற்றுக்கொண்டது. "டேய் கெஸ்ட், இதுக்கு ஒரு பரீட்ச வெச்சா நீதான்டா ஸ்டேட் பர்ஸ்ட்" என்றேன். அவன் காது சிவந்தது. அவனை யாராவது பாராட்டி நான் பார்த்தது அதுதான் முதல்.

மகத்தன்று வெயில் ஏறிய நேரத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு பொடியன் வந்தான். அக்கா அவனை விமலிடம் கொடுத்தாள். விமல் உட்கார்ந்தான், காத்திருந்தான், தண்ணீர் கொடுத்தான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். அழுகை ஓய்ந்ததும் கேட்டான்.

"எந்தச் சாமிகூட வந்தே?"

"முருகரு. மயிலு மேல."

"கொட என்னா கலரு?"

"பச்ச."

விமல் எழுந்து கரையைப் பார்த்தான். பச்சைக் குடையோடு வேலங்காட்டு முருகன் தீர்த்தவாரி முடித்து டிராக்டரில் ஏறிக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பிவிட்டால் பிள்ளை இங்கேயே நின்றுவிடும் என்று நினைத்தான். மைக்கில் சொல்லவும் இல்லை, அக்காவிடம் கேட்கவும் இல்லை. பொடியனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். திரும்பி வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"முடிச்சுட்டேன்க்கா."

"யார் கையிலடா குடுத்த?"

"சாமி வண்டியில ஏத்திட்டேன். இதுதானே உஞ்சாமின்னு கேட்டேன், ஆமான்னான். அங்க இருந்த பெரியவரு வாடா கண்ணுன்னு வாங்கிக்கிட்டாரு."

அக்காவின் முகம் மாறியது. டிராக்டரில் ஏற்றி, அலங்கரித்த மயிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து இதுவா உன் சாமி என்று கேட்டால் எந்தக் குழந்தை இல்லை என்று சொல்லும்? அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் தலைவிரிகோலமாகப் பந்தலுக்குள் வந்தார். "நீல சட்ட போட்ட புள்ள. ஆலஞ்சேரி முருகர்கூட வந்தோம்."

"ஆலஞ்சேரி முருகருக்கு என்ன குடைங்க?" என்று விமல் கேட்டான்.

"பச்ச கொட. எங்க சாமி இன்னும் கடலுக்கே எறங்கலியே. எம்புள்ள எங்க?"

இராமதாஸ் மாமா மைக்கைக் கீழே வைத்தார். "நான் அன்னிக்கே சொன்னேன், புள்ளைங்க கையில புள்ளைய குடுக்காதன்னு. எவன் குடுத்தான்? இவனா? ஸ்கூலுக்கே போவாத பய. மொதல்ல இவன வீட்டுக்கு அனுப்பு."

"அனுப்பறது அப்பறம் பாக்கலாம். நீ மைக்குல சொல்லிக்கிட்டே இரு மாமா" என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்தாள். "சுடரு, அந்த அம்மா கைய புடிச்சுக்கோ. உடாத. விமலு, நீ என்கூட வா."

அன்று என் பிள்ளை அந்த அம்மாதான். அவர் கை வியர்வையில் வழுக்கியது, நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

திரும்பிப் போகும் சாமி வண்டி வேகமாகப் போக முடியாது. வாசலுக்கு வாசல் தாம்பாளம் வைத்துக்கொண்டு நிற்பார்கள். தேங்காய் உடைத்து ஆரத்தி எடுத்த பிறகே நகரும். அது எங்களுக்கு ஆறுதல். ஆனால் எந்தத் தெருவில்? முத்தியால்பேட்டைப் பக்கம் வந்ததும் நான்கு திசையிலிருந்தும் மேளச்சத்தம். அக்கா நின்று விமலைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். "அது பேண்டு செட்டு, அவங்க இல்ல. அது பம்பை... இவங்களுக்கு நாதஸ்வரம், கூட ஒரு வயசான ஆளு தவுலு. இந்தப் பக்கம்க்கா."

மூன்றாவது தெருவில் வண்டி நின்றுகொண்டிருந்தது. நீலச் சட்டைக்காரன் மயிலின் தோகைக்கு அடியில், வாயெல்லாம் பஞ்சாமிர்தத்தோடு தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அவனை இறக்கி, முதுகில் ஒன்று வைத்து, பிறகு கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார். "யாரு தூக்கிட்டு போனது?"

'சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான்' என்று அக்கா சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. விமலைத் தள்ளிவிடவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான்.

"நான்தாங்க" என்றான் விமல். "மைக்குல சொல்லாம குடுத்துட்டேன்."

அந்த அம்மா அவனை வெகுநேரம் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். "கண்ண தொடைச்சுக்கோ. நீயும்தான் அழுவுற" என்றார். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு கடற்கரைக்கு நடந்தார்.

வழியில் விமல் அக்காவிடம் சொன்னான்: "நான் வீட்டுக்குப் போறேன்க்கா. நாளைக்கே கம்பெனிக்கு போயிடறேன். படிப்புதான் வரல, இதுக்கும் நான் லாயக்கில்ல."

"கம்பெனி நாளைக்குத்தானடா. இன்னிக்கு இன்னும் முடியல."

பந்தலில் இராமதாஸ் மாமா காத்திருந்தார். ஆலஞ்சேரிக்காரர்கள் பஞ்சாயத்தாரிடம் சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்; ஆனால் அவருடைய தனிப்பேச்சே மைக் பேச்சு மாதிரிதான் இருக்கும். "இந்தப் பையன அனுப்பிடு. மத்ததுங்க இருக்கட்டும். அவன் இருந்தா அடுத்த வருஷம் உனக்குப் பந்தலே கெடையாது. நான் மட்டும் சொல்லல, எல்லாரும்தான் சொல்றாங்க."

விமல் செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

அந்தப் பந்தல் அக்காவுக்கு என்னவென்று எங்களுக்குத் தெரியும். வருடம் முழுக்க மீன் செதில் ஒட்டிய கையோடு அலைகிறவளுக்கு, ஊர் அவள் பேச்சைக் கேட்கிற ஒரே நாள் அது. ஆனாலும் சொன்னாள்: "இவன அனுப்பிட்டா மத்ததுங்களும் நாளைக்கு தப்பு பண்ணா மறைக்கும் மாமா. தப்பே பண்ணாத புள்ளதான் வோணும்னா நம்ம ஊர்ல ஆள் கெடைக்காது. உன் பேரனையும் சேத்துத்தான் சொல்றேன்."

"அப்ப அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷத்த அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அந்த நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் ஒரு பெண் குழந்தையைத் தூக்கி வந்தார். மஞ்சள் பாவாடை, அழுது அழுது விக்கல். நாங்கள் எல்லோரும் கையை நீட்டினோம். அக்கா எங்களைத் தாண்டிப் போய், ஒற்றைச் செருப்போடு நின்றிருந்த விமலின் முன்னால் நின்றாள்.

"எனக்கு வோணாங்க்கா. சுடருகிட்ட குடு."

"கைய நீட்டுடா."

"வோணாம்னு சொல்றேன்ல."

"எனக்குக் கை வலிக்குது. சீக்கிரம்."

அவன் கையை நீட்டினான். மணலில் உட்கார்ந்தான். குழந்தையின் விக்கல் நிற்கும் வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு, எந்தச் சாமிகூட வந்தே என்று கேட்டான். அம்மன் என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. அம்மன் என்ன நிறப் புடவை, கையில் என்ன இருந்தது, வண்டியில் பாட்டுப் போட்டார்களா, காலையில் என்ன சாப்பிட்டாய், வழியில் ரயில் பார்த்தாயா என்று பாட்டியிடம் கதை கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்டதையெல்லாம் இராமதாஸ் மாமாவிடம் வரிசையாகச் சொன்னான். மாமா அவன் முகத்தைப் பார்க்காமல் மைக்கில் சொன்னார்.

யாரும் வரவில்லை. வெயில் தாழ்ந்தது. சாமிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மற்றப் பிள்ளைகளை எல்லாம் பெற்றவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பந்தல்காரர்கள் கம்புகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். மஞ்சள் பாவாடை விமலின் மடியில் தூங்கிவிட்டது. கால் மரத்துப் போயிருக்க வேண்டும்; அவன் அசையவில்லை.

போலீஸ் ஜீப் வந்து நின்றது. இராமதாஸ் மாமா மைக் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு அக்காவிடம் வந்தார். "இருட்டப் போவுது. புள்ளைய ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடலாம். தூக்கிக் குடு."

"என்னைய கேக்காத மாமா. அது அவன் புள்ள. அவன கேளு."

மாமா அக்காவைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விமலின் முன்னால் மணலில் குந்தினார். ஊரில் அவர் யார் முன்னாலும் அப்படிக் குந்தி நான் பார்த்ததில்லை.

"தம்பி. புள்ளைய ஸ்டேஷனுக்குக் கொண்டு போலாமா? நீயும் வீட்டுக்கு போவணும்ல."

விமல் யோசித்தான். "கொண்டு போலாம் மாமா. ஆனா நானும் வர்றேன். அவங்கம்மா வந்து, எந்த அம்மன், புள்ள பேரு என்னான்னு சரியா சொல்லணும். அப்பறம்தான் குடுப்பேன். ஜீப்புல எடம் இருக்குதா?"

"இருக்குது" என்றார் மாமா. "முன்னால ஒக்காரு. கால தட்டாம ஏறு, முழிச்சுக்கப் போவுது."

அவன் எழ முடியாமல் தடுமாறினான். மாமா அவன் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். ஜீப் கிளம்பியதும் அக்கா பந்தலின் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து, அந்தத் தண்ணீரில் முகம் கழுவினாள். முந்தானையால் துடைக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

குழந்தையின் அம்மா இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டேஷனுக்கு வந்தாராம். விமல் கேள்வி கேட்டுத்தான் கொடுத்தானாம், இன்ஸ்பெக்டர் சிரித்தாராம். இதெல்லாம் மாமா சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். மறுநாள் அவன் கம்பெனிக்குப் போகவில்லை. பள்ளிக்கும் வரவில்லை, தூங்கிவிட்டான். அதற்கு மறுநாள் வந்தான், முதல் பீரியட் முடிந்த பிறகு.